ஹால்வர்சுண்டின் இரண்டாவது ஆல்பம்

நாசரேத்
11 மார்ச் 2025

இனிகோ,

'கர்த்தருக்குள் அன்பான' என்று தொடங்கித்தான் எங்கள் வீட்டில் கடிதம் எழுதிப் பழக்கம். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. போனை அணைத்து அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டேன். திறந்தால் அந்த வீடியோதான் வந்து நிற்கிறது. அதனால்தான் காகிதம்.

நேராகவே கேட்கிறேன். ஹால்வர்சுண்ட் யார்?

நம் 'ரீசார்ஜ்' பாட்டின் மெட்டை முத்துக்குமரன் வீட்டு இரும்புக்கடை குடோனில் நீ முதல்முதலாகக் கிட்டாரில் வாசித்த அன்று, அவன் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இத எங்கலே புடிச்சே?" என்று கேட்டான். நார்வேயில் ஹால்வர்சுண்ட் என்று ஒரு பேண்டு, அவர்களைக் கேட்டுக் கேட்டு வந்த மெட்டு என்றாய். நான் நம்பினேன். சென்னை யூடியூப் சேனல்காரர், "உங்க பேண்டுக்கு மூணாம் நம்பர் கூண்டுங்கிற பேரே பிரமாதம். உங்க இன்ஃப்ளுயன்ஸ் யாரு?" என்று கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை. முத்துக்குமரன் இளித்துக்கொண்டிருந்தான். யாராவது பேசியாக வேண்டுமே என்று நான் அந்தப் பெயரைச் சொன்னேன். கேள்விப்பட்டதில்லையே என்றார். அப்போது எனக்குள் என்ன புகுந்ததோ, "அவங்க செகண்ட் ஆல்பம்தான் என் ஃபேவரிட்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏலே, அது யூரியா கப்பல்லா. போன வருசம் நம்ம ஹார்பர்ல ஒம்பதாம் பெர்த்துல நின்னுச்சு" என்று நம் ஊர்க்காரர் ஒருவர் அந்த வீடியோவின் கீழே எழுதி, படத்தையும் போட்டுவிட்டார். துருப்பிடித்த கப்பல், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஹால்வர்சுண்ட். அதன் மேல்தட்டில் என் முகத்தை ஒட்டி ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொயரில் என் பக்கத்தில் நிற்கிற ஜீவமணி அக்கா, "செகண்ட் லோடு எப்ப வருது ஜாஸ்லின்?" என்று கேட்டாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். தலைமையாசிரியராக இருந்து ஊரையே கேள்வி கேட்டவர், வீட்டுக்கு வந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது சென்னை இசைவிழாக்காரர்கள் மெயில் அனுப்பியிருக்கிறார்கள், அப்பாவின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மெட்டு யாருடையது என்று இந்த மாதத்துக்குள் சொல்லாவிட்டால் மே மாத நிகழ்ச்சியிலிருந்து நம் பெயரை எடுத்துவிடுவார்களாம். நமக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை இது. எவனுடைய பாட்டையோ திருடிவிட்டு அதை மறைக்கக் கப்பல் பெயரைச் சொன்னாயா? என்னிடமாவது உண்மையைச் சொல்.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
15 மார்ச் 2025

ஜாஸ்லின்,

உன் கடிதம் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சி ஆபீஸுக்கு வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார்கள். படித்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெயர் பொய்தான். முத்துக்குமரன் திடுதிப்பென்று கேட்டதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்று காலையில் அந்தக் கப்பலின் பேப்பர்கள் என் மேஜையில் கிடந்தன. வாயில் வந்ததைச் சொன்னேன். அதோடு போய்விடும் என்று நினைத்தேன். நீதான் அதை நம் பேண்டின் பக்கத்தில் முதல் வரியாக எழுதிப் போட்டாய்.

ஆனால் இரண்டாவது ஆல்பம் என் கணக்கில் வராது. கப்பலைப் பேண்டு ஆக்கியது நான். அதற்கு ஆல்பம் போட்டது நீ. முதல் ஆல்பம் உனக்கு என்ன குறை வைத்தது?

திருட்டு இல்லை. எந்த வெளிநாட்டுக்காரனும் வந்து நம் சட்டையைப் பிடிக்க மாட்டான். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதே. என் சொந்த மெட்டு என்று விழாக்காரர்களுக்கு எழுதிவிடு.

நேற்று முத்துக்குமரன் கடைக்குப் போனேன். ஒரு பாடு சிரித்து முடித்துவிட்டு அவனே ஒன்று சொன்னான். 'ரீசார்ஜ்' நடுவில் அவன் அடிக்கிற அந்த வேக அடி இருக்கிறதே, அமெரிக்க டிரம்மர் ஒருவரின் வீடியோவைப் பார்த்துக் கற்றதாக அளந்தானே, அது அவர்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமி வரும் நேரத்துக்கு நையாண்டி மேளக்காரர்கள் அடிப்பதாம். "சொன்னா சிரிப்பியன்னு நெனச்சேம்லே" என்றான். சொன்னதும் அவனுக்கு வெட்கம் விட்டுப்போய்விட்டது, மறுபடி கல்லாவில் உட்கார்ந்து ஆணி நிறுக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு அப்படி விட்டுப்போகாது.

இனிகோ


நாசரேத்
19 மார்ச் 2025

இனிகோ,

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கோபத்தில் கிழித்திருப்பேன். ஆனால் அந்த ஆல்பம் கேள்வி கையைத் தடுத்துவிட்டது. சொல்லப்போனால், பத்து நாளாக நான் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்ததே அந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்காமல் இருக்கத்தான்.

அந்தச் சேனல்காரர் புருவத்தைத் தூக்கினார், பார்த்தாயா? அவ்வளவுதான். இவர்கள் தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்டறியாதவர்கள் என்று நினைத்துவிடுவாரோ என்று பதறிவிட்டேன். ஒரு பொய் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. இனிகோ என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை, பாதிக் கோழைத்தனம்.

முத்துக்குமரன் சொன்னானே, நானும் சொல்லிவிடுகிறேன். பல்லவி முடிந்ததும் எனக்குக் கீழே நானே பாடிச் சேர்த்த இரண்டாவது குரலை, லண்டன் டீச்சர் ஒருவரிடம் ஆன்லைனில் கற்றது என்று சொன்னேன் இல்லையா? அது எங்கள் சர்ச் கொயர். ஐந்தாம் வகுப்பிலிருந்து கீழ்க்குரல் பாடும் ஆல்டோ வரிசையில் நின்று, மேல்குரல் பாடும் சோப்ரானோக்காரிகள் பெயர் வாங்க, பின்னால் முனகிக்கொண்டே நான் கற்றுக்கொண்டது. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்கிற கொயர்க்காரி ராக் பாடுகிறாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆக மூன்று பேரும் உள்ளூரில் தைத்த சட்டைக்கு வெளிநாட்டு லேபிள் ஒட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம். உன்னுடையதில் மட்டும் லேபிளைப் பிரிக்க மாட்டேன் என்கிறாய். நான் சிரிக்க மாட்டேன் இனிகோ. சத்தியம் பண்ணக் கூடாது என்பார் அப்பா. ஆனாலும் பண்ணுகிறேன்.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
26 மார்ச் 2025

ஜாஸ்லின்,

சிரிக்க மாட்டேன் என்கிறாய். நீ ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

போன வருஷம் தவசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முத்துக்குமரனின் லோடு ஆட்டோவில் ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்தோம். வழியில் கோயில் மைக்கில் பெண்கள் மாதா புலம்பல் பாடிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கடக்கரைப் பொம்பளைங்க ஏன்தான் மூக்கால அழுதுகிட்டே பாடுதாங்களோ" என்று நீ சொன்னாய். முத்துக்குமரன் சிரித்தான். நானும் சிரித்தேன். உங்கள் இரண்டு பேரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் தருவைகுளத்தில் என் அம்மா பாடுவது அந்தப் புலம்பலைத்தான். நம் மெட்டு அதுதான். வேகத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன், அவ்வளவே.

இன்னும் இருக்கிறது. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், லூர்து. சங்கு குளிக்கப் போனவன். தண்ணீருக்குள் மூச்சு முட்டி, மேலே தூக்கும்போதே உயிர் இல்லை. இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா 'மகனே' என்று அழுகிற இடம் ஒன்று அந்தப் புலம்பலில் வரும். மற்றப் பெண்கள் அந்தச் சொல்லை நேராகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அண்ணன் போன பிறகு அம்மா நிறுத்துவதில்லை. குரல் மேலே போய், உடைந்து, இழுத்துக்கொண்டே கீழே வரும். மற்றவர்கள் அது முடியும்வரை காத்திருப்பார்கள். பங்குச் சாமியாரும் காத்திருப்பார். அந்த இழுப்பைத்தான் நான் கிட்டார் கம்பியை வளைத்து வாசித்தேன். அதைக் கேட்டுத்தான் முத்துக்குமரன் குச்சியைக் கீழே வைத்தான். அந்த இடத்துக்குத்தான் நீ 'ரீசார்ஜ் முடிஞ்சிருச்சே' என்று வரி எழுதினாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வரி நன்றாக உட்காருகிறது என்று சொன்னதும் நான்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். டிரம்ஸ் சத்தத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்லாருக்குலே. யாரு பாட்டு?" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெள்ளக்காரன் பாட்டும்மா" என்றேன். அதிலிருந்து மீன் ஏலம் போடுகிற இடத்தில், ரேஷன் கடையில், எங்கும் இதே பேச்சு: "எம்மவன் வெள்ளக்காரன் பாட்டுக்குக் கித்தாரு வாசிக்கான்."

அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அந்த இடத்தை இனி அவள் எப்படிப் பாடுவாள்? அண்ணனுக்காக அவள் வாய்விட்டு அழுவது வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான். வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டாள். மேடை போனால் போகட்டும். யாரிடமும் சொல்லிவிடாதே.

இனிகோ


நாசரேத்
2 ஏப்ரல் 2025

இனிகோ,

லோடு ஆட்டோவில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கவே மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாக வருகிற பேச்சு. நாங்கள் ஞானப்பாட்டை நோட்ஸ் பார்த்துப் பாடுகிற புராட்டஸ்டன்டுகள், கடற்கரைக் கத்தோலிக்கர்கள் ஒப்பாரி வைக்கிறவர்கள் என்று. உறைக்கவே உறைக்காத அளவுக்குப் பழகிப்போன பேச்சு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததை எழுதுகிறேன்: மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன், கோபப்படாமல் படி. விழாக்காரர்களுக்கு உண்மையை எழுதிவிட்டேன். உன் அம்மா பெயரைச் சொல்லவில்லை. தருவைகுளத்துப் பெண்கள் தவசுகாலத்தில் பாடும் புலம்பல், எங்கள் கிட்டார்காரனின் தாயும் அதைப் பாடுவார் என்று மட்டும்தான். திருடர்கள் என்ற பெயரோடு நாம் ஏன் போக வேண்டும் என்று தோன்றியது. சென்னையில் யாரோ நாலு பேர் படிக்கிற மெயில்தானே.

அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வேர் இருக்கும்போது எதற்காகக் கப்பல் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்கிறார்கள். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் உன் அம்மா தனியாக மேடையில் நின்று பாட முடியுமா என்றும் கேட்கிறார்கள். யோசித்துப் பார். அம்மாவின் குரல் எங்கே முடிகிறதோ அங்கே உன் கிட்டார் தொடங்கும். அந்த ரீசார்ஜ் வரியை நான் மாற்றி எழுதிவிடுகிறேன். மறைத்து வைத்ததை எல்லோர் முன்னாலும் மரியாதையாகக் கொண்டுவந்து வைக்கலாமே?

நல்ல பதிலாக எழுது.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
7 ஏப்ரல் 2025

ஜாஸ்லின்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போஸ்டர் வந்துவிட்டது. 'தருவைகுளத்துத் தாயின் ஒப்பாரி, ராக் மேடையில்' என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப் ஒன்று பாக்கியில்லை. பையன்கள் 'ரீசார்ஜ்' பாட்டை இறக்கி ரிங்டோனாக வைத்துக்கொண்டு திரிகிறார்கள். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அம்மாவைப் பார்த்து, "மிக்கேலம்மா, மெட்ராஸுக்கு எப்பம் கெளம்புதிய?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

அம்மா எனக்குப் போன் பண்ணினாள். சத்தம் போடவில்லை. "ஏலே, வெள்ளக்காரன் பாட்டுன்னுல்லா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

மரியாதையாகக் கொண்டுவந்து வைக்கலாம் என்கிறாய். முன்பு சிரித்தாய், இப்போது மேடை போட்டுத் தருகிறாய். இரண்டு தடவையும் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, அதனால் உன்னைத் திட்டவும் எனக்கு வாயில்லை.

நான் வாசிக்கப் போவதில்லை. பெரிய வெள்ளிக்கு ஊருக்கும் போவதில்லை. அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கிவிட்டேன்.

இனிகோ


நாசரேத்
19 ஏப்ரல் 2025

இனிகோ,

நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

போஸ்டரை எடுக்கச் சொல்லி, நாங்கள் வரவில்லை என்றும் எழுதிவிட்டேன். எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன, பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

நேற்றுப் பெரிய வெள்ளி. மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் அப்பா வேதபாடம் வாசிக்கிற நாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறித் தருவைகுளம் போனேன். உன் அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கொண்டே போனேன்.

கோயிலில் பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் புலம்பல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், இவர்தான் என்று தெரிந்துவிட்டது. உன் கிட்டாரின் குரல் அவர்கள் தொண்டையில் இருந்தது. அது மூக்கால் அழுவது இல்லை இனிகோ. இத்தனை வருஷம் கொயரில் நின்றவள் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான சுருதியை நான் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

'மகனே' வருகிற இடம் நெருங்கியது. பின்வரிசையில் நின்ற பையன்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். பக்கத்திலிருந்த பெண்கள் வழக்கப்படி காத்திருப்பதற்காக மூச்சை இழுத்துக்கொண்டார்கள். உன் அம்மா தலையைத் திருப்பி அந்தப் போன்களைப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சொல்லை மற்றவர்களைப் போலவே நேராகச் சொல்லி, அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள்.

இழுக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் போனை இறக்கிக்கொண்டே, "இது இல்லலே. பாட்டுல வேற மாதிரில்லா வரும்" என்றான்.

எல்லாம் முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். உன் அம்மாதான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "அசலூராம்மா? வெயில்ல வந்திருக்கே, வாங்கிக் குடி" என்றார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தயார் பண்ணிய வசனத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. அவர்கள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, யாரென்று சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

இன்று காலை பீரோவிலிருந்து போனை எடுத்தேன். நம் பாட்டை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். முத்துக்குமரன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரிஜினலையும் அழிக்கச் சொல்லி, அவனும் அழித்துவிட்டான். உன்னிடம் இருப்பதையும் அழித்துவிடு. இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்வோம்.

ஜாஸ்லின்


தருவைகுளம்
24 ஏப்ரல் 2025

ஜாஸ்லின்,

உன் கடிதம் வந்த அன்றே என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் வீட்டுக்கு வரத் தைரியம் வந்தது. ஈஸ்டர் முடிந்து ஊர் அடங்கிக் கிடக்கிறது. அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், சாப்பிட்டியா என்று கேட்டாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்துவிட்டு நானே கேட்டேன். "ஏம்மா அந்த எடத்த வுட்டுட்டே?"

"பயலுவ போனத் தூக்கிட்டு நிக்கானுவ. அவனுவளுக்கு அது பாட்டு. எனக்கு அது லூர்துலா. கோயில்ல இனிமே வேண்டாம்லே." துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு நீ போட்டுக் காட்டும்போது எனக்குத் தெரியலியேலே" என்றாள். "எம் புள்ளைக்கு நான் அழுதது. எனக்கே அடையாளம் தெரியல பாரு. யாரு பாட்டுன்னு கேட்டுட்டேனே." அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஜாஸ்லின். வெட்கப்பட வேண்டியது நான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, அத ஒருக்க போடு. இப்பம் தெரிஞ்சுல்லா கேப்பேன். கோயில்ல பாடாட்டா என்ன, உங்க பாட்டுக்குள்ள அவன் கெடக்கான்லா. எனக்குத் தோணும்போது கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

போனைக் கையில் எடுத்தேன். அதில் எதையோ தேடுவதுபோல் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நெட்டு கெடைக்கலம்மா" என்றேன்.

"அப்பம் சாயங்காலம் போடு" என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது அடுக்களையில் இருக்கிறாள். நான் திண்டாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். முத்துக்குமரனிடம் கேட்டேன், மீட்க முடியாது என்கிறான். தெருமுனைப் பெட்டிக்கடையில் அந்தப் பையன்கள் நிற்கிறார்கள், சத்தம் இங்கே கேட்கிறது. அவர்கள் போனில் அந்தப் பாட்டு இருக்கும். கடிதத்தை ஒட்டிவிட்டு அவர்களிடம் போய்க் கேட்கப் போகிறேன்.

இனிகோ